மிச்ச வாளியிலிருந்து தொடங்குங்கள்: பள்ளியில் உணவும் சமையலும் சொல்லிக்கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

மதியம் ஒன்றேகால் மணிக்கு ஏதாவது ஓர் அரசுப் பள்ளியின் கை கழுவும் குழாயடிக்குப் போய்ப் பாருங்கள். சாம்பார் சாதத்திலிருந்து பொறுக்கி ஒதுக்கிய கேரட், பீன்ஸ், கறிவேப்பிலை எல்லாம் கிடக்கும். சில நாள் முட்டையின் மஞ்சள் கருவும் கிடக்கும். பக்கத்தில் நாலைந்து காகம், ஒரு நாய். அதே பள்ளியின் ஐந்தாம் வகுப்புச் சுவரில் ‘சரிவிகித உணவு’ என்ற படம் தொங்கும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் நோய் வரும் என்று காலையில் ஒப்பித்த பிள்ளைதான் மதியம் கேரட்டைக் கீழே போட்டிருக்கும்.

நானும் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியன்தான். பல வருடம் அந்தப் படத்தைக் காட்டியே பாடம் நடத்தினேன். பிள்ளைகள் தேர்வில் நன்றாக எழுதினார்கள், கீரையை மட்டும் தொடவில்லை. அப்புறம்தான் புரிந்தது: பாடம் சுவரில் இருக்கிறது, சாப்பாடு சமையற்கூடத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது. அந்த மதிலில் ஒரு கதவு வைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். ஜூனில் தொடங்கி ஏப்ரல் வரை செய்யக்கூடிய வேலை இது.

ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. உலகத்தில் பல ஊர்களில் இப்படிப் பாடம் நடத்த முதலில் பள்ளிக்குள் ஒரு அடுப்பைக் கொண்டுவர வேண்டும். இங்கே அடுப்பு ஏற்கெனவே எரிகிறது. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. 1956-ல் காமராசர் காலத்தில் அது மாநிலத் திட்டமானது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார், பிறகு முட்டை வந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. சமைக்கத் தெரிந்த அக்காக்கள் தினமும் பள்ளிக்குள் வருகிறார்கள். அவர்களை நாம் ஒரு நாளும் வகுப்பறைக்குக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

முதல் படி: யாரிடம் கேட்பது, எதைச் செய்யக் கூடாது

தலைமை ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், சமையலர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் இரண்டு பேர். இவர்களை ஒரே நாளில் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். சமையலர் அக்காவிடம் முதலில் போய்ப் பேசுவது நல்லது. “உங்க சமையலைக் குறை சொல்ல வர்றோம்” என்று அவர் நினைத்துவிட்டால் காரியம் அதோடு முடிந்தது.

மூன்று விஷயங்களை அன்றைக்கே முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் சத்துணவுக் கூடத்து வேலைக்கு ஆள் கிடையாது. பெரிய பாத்திரம், கொதிக்கும் சாம்பார் பக்கம் அவர்கள் போகவே கூடாது. நம் சமையல் வகுப்பு தனி, வேறு நேரம், வேறு இடம். இரண்டாவது, கூட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் பெண் பிள்ளைகள் தலையில் விழாமல் முறை வைத்துச் செய்ய வேண்டும். இதை எழுதி ஒட்டாவிட்டால் மூன்றாவது வாரமே பையன்கள் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். மூன்றாவது, குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரியுங்கள். சமைப்பது யார் என்று பார்த்துப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகள் தாங்களாகக் குழு பிரிந்தால் தெருவாரியாகத்தான் பிரிவார்கள். இதை மேடை போட்டுப் பேச வேண்டியதில்லை. சீட்டு பார்த்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: ஒரு வாரம் மிச்சத்தை நிறுத்துப் பாருங்கள்

இதைத் தாண்டிக் குதித்துத் தோட்டத்துக்குப் போய்விடாதீர்கள். தேவையானவை இரண்டு வாளி, ஒரு கொக்கித் தராசு, ஒரு நோட்டு. ஒரு வாளியில் சோறும் குழம்பும், இன்னொன்றில் ஒதுக்கிய காய், கீரை, முட்டை. தினமும் ஏழாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் நிறுத்து, அன்றைய சாப்பாடு என்ன, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கணக்கு வகுப்பில் வரைபடம் போடுங்கள். கணக்கு ஆசிரியருக்கும் சந்தோஷம், சராசரிப் பாடம் தானாக நடக்கும்.

“ஏன்டா வீணாக்குற?” என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் மறுநாளிலிருந்து மிச்சம் வாளிக்கு வராது, சுவருக்குப் பின்னால் போகும். “இன்னைக்கு எது அதிகமா விழுந்திருக்கு, ஏன்னு கண்டுபிடிங்க” என்று துப்பறியும் வேலையாகக் கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்த காரணங்கள் நான் நினைத்தவையே அல்ல. முதல் வகுப்புப் பிள்ளையின் தட்டிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தட்டிலும் ஒரே அளவு கரண்டி விழுந்தது. சின்னப் பிள்ளைகள் வாய்க்குள் கொள்ளாத அளவில் காய்த் துண்டுகள் இருந்தன. விளையாடப் போகும் அவசரத்தில் பாதியில் எழுந்தவர்கள் சிலர், பல் ஆடிக்கொண்டிருந்ததால் மெல்ல முடியாதவர்கள் சிலர். ‘சத்து தெரியாததால் வீணாக்குகிறார்கள்’ என்பது அந்தப் பட்டியலில் கடைசியில்கூட வரவில்லை.

உடனே செய்யக்கூடிய மாற்றங்கள்: “கொஞ்சம் போதும்” என்று சொல்ல உரிமை, மறுபடி கேட்க உரிமை, காயைப் பொடியாக நறுக்குவது. இந்த மூன்றையும் செய்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி நிறுத்துப் பாருங்கள். பாடமே நடத்தாமல் வாளி லேசாகியிருக்கும்.

மூன்றாம் படி: தட்டைப் படிப்பது

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில் ஒரு தட்டு உண்டு. அதில் ஏறக்குறைய பாதி இடம் காய், கீரை, பழம். மீதிப் பாதியில் தானியம், பருப்பு, முட்டை, பால், கொட்டை வகைகள். நம் வீட்டுத் தட்டில் முக்கால்வாசி சோறு. இந்த இரண்டு தட்டையும் தரையில் சாக்பீஸால் பெரிதாக வரைந்து, பிள்ளைகளையே காயாகவும் சோறாகவும் பருப்பாகவும் நிற்க வையுங்கள். சோற்றுப் பக்கம் நெரிசல், கீரைப் பக்கம் ஒரே ஒரு ஆள் தனியாக நிற்பதைப் பார்த்தால் விளக்கமே தேவைப்படாது.

சோதனைகளைக் கையில் கொடுங்கள். நீர்த்த அயோடின் கரைசல் ஒரு சொட்டு: சோறு, உருளைக்கிழங்கு, பிஸ்கட், வெள்ளரிக்காய். மாவுச்சத்து உள்ளது கருநீலமாகும், வெள்ளரி அப்படியே இருக்கும். சொட்டு விட்டதை யாரும் வாயில் போடக் கூடாது என்று இரண்டு முறை சொல்லுங்கள், ஒருவன் போடப் பார்ப்பான். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நீலமாக்கி எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். அந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின், நாவல் பழத்திலும் கத்தரித் தோலிலும் இருப்பதும் அந்த வகைதான். அன்றைக்கு மாலை ஊரில் சங்குப்பூக் கொடி ஒன்றும் தப்பாது.

சத்தைப் பற்றிச் சொல்வதென்றால் நிறைய சொல்லாதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டவை மூன்று. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், அதே எடைப் பாலில் சுமார் 120. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும், அதனால் கீரை சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம், நெல்லிக்காய் தொட்டுக்கொள்ளலாம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு உள்ளே போவது குறையும். மூன்றாவதை வீட்டில் போய்ச் சொல்லி அப்பாவிடம் திட்டு வாங்கியவர்கள் உண்டு.

நான்காம் படி: பெட்டிக்கடைப் பாக்கெட்

பள்ளி வாசலில் கிடக்கும் காலிப் பாக்கெட்டுகளைப் பொறுக்கி வந்து கழுவிக் காயவையுங்கள், அதுதான் பாடநூல். மூலப்பொருள் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் எடையில் அதிகம். இதைத் தெரிந்துகொண்டதும் பிள்ளைகளே, “சார், மாம்பழ ஜூஸில் முதலில் தண்ணீர், அப்புறம் சர்க்கரை இருக்கு” என்று கத்துவார்கள்.

பிறகு ஸ்பூனைக் கொண்டுவாருங்கள். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். குளிர்பானங்களில் 100 மில்லிக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 கிராம் வரை சர்க்கரை எழுதியிருக்கும். 200 மில்லி பாட்டிலுக்கு எத்தனை ஸ்பூன் என்று அவர்களே கணக்குப் போட்டு, கண்ணாடி டம்ளரில் அத்தனை ஸ்பூனையும் கொட்டி வைக்கட்டும். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டம்ளரை ஒரு வாரம் வகுப்பு ஜன்னலில் வையுங்கள். எறும்பு வரும், அதுவும் பாடம்தான்.

உப்பு, சர்க்கரை, கொழுப்பு அதிகமுள்ள பொருள்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்துவிட்டது. அதற்காகப் பெட்டிக்கடைப் பாட்டியோடு சண்டைக்குப் போகாதீர்கள். கடலை மிட்டாய், வேகவைத்த வேர்க்கடலை, கொய்யா வைத்தால் பிள்ளைகள் வாங்குவார்கள் என்று சொல்லிப் பாருங்கள். பாக்கெட் வாங்கும் பிள்ளையையும் கேலி செய்ய விடாதீர்கள். விடியற்காலை வேலைக்குப் போகும் அம்மா, சமைக்க நேரமில்லாமல் பத்து ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போயிருப்பார்.

ஐந்தாம் படி: தோட்டம்

முதல் வருடம் நான் தக்காளியும் காலிஃபிளவரும் போட்டேன். அறுவடைக்கு வருவதற்குள் பிள்ளைகளுக்கு ஆர்வம் வடிந்துவிட்டது. மிச்சமிருந்ததை ஆடு பார்த்துக்கொண்டது. ஒரு மாதத்துக்குள் வாய்க்கு வரும் பயிரில்தான் தொடங்க வேண்டும் என்பதை ஆட்டிடம் கற்றுக்கொண்டேன்.

வெந்தயக்கீரை இருபது நாளில் தயார். அஞ்சறைப் பெட்டி வெந்தயமே விதை, ஒரு இரவு ஊறவைத்துத் தூவினால் போதும். தண்டுக்கீரை இருபத்தைந்து, முப்பது நாள். அதன் விதை கடுகைவிடச் சிறியது, மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண்ணைத் தூற்றுங்கள், ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. எறும்பு இழுத்துப் போகும், சுற்றிலும் சாம்பல் போடுங்கள். முள்ளங்கியும் வெண்டையும் சுமார் ஒன்றரை மாதம். வெண்டை, கொத்தவரை, அவரையை ஆடிப்பட்டத்தில் போட்டுவிடலாம்.

இடமில்லையென்றால் சிமெண்ட் சாக்கு, உடைந்த பிளாஸ்டிக் வாளி, பழைய டயர் எதுவானாலும் சரி, அடியில் ஓட்டை இருக்க வேண்டும். கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியிருந்தால் அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நாட்டு விதையைப் பிள்ளைகளின் வீட்டிலேயே கேட்டால் கிடைக்கும்.

இலைச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய நாலு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளியுங்கள். ஆசிரியர்தான் தெளிக்க வேண்டும். தெளித்த பிறகு சில நாள் பறிக்காமல் விட்டு, பறித்ததை நன்றாகக் கழுவுங்கள்.

ஓரத்தில் கறிவேப்பிலை, பப்பாளி, அகத்தி, இரண்டு முருங்கை வையுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.-1 செடி முருங்கையை விதை போட்டே வளர்க்கலாம், ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கீரையை அதற்கும் முன்பே பறிக்கலாம்.

ஆறாம் படி: சமையல் வகுப்பு

மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை, கடைசி இரண்டு பீரியட் போதும். அடுப்பில்லாமல் தொடங்கி அடுப்புக்குப் போகிறோம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை: கழுவுவது, கீரை ஆய்வது, வேகவைத்த முட்டை உரிப்பது, வாழைப்பழம் பிசைவது. நான்கு, ஐந்து: பட்டாணி உரிப்பது, எலுமிச்சை பிழிவது, வெள்ளரி, வாழைப்பழம் போன்ற மெத்தென்ற பொருள்களைச் சிறு கத்தியால் நறுக்குவது. ஆறு முதல் எட்டு: பெரியவர் பக்கத்தில் நிற்க, அடுப்பு.

கத்தியைக் கொடுக்கும் முன் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். கத்தியோடு நடக்கக் கூடாது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். கைக்குச் சோப்புப் போட்டு இருபது எண்ணும்வரை தேய்க்க வேண்டும், நகம் பார்க்க வேண்டும், சளி இருமல் உள்ள பிள்ளை அன்றைக்கு அளவு சொல்லும் வேலை பார்க்கட்டும். வேர்க்கடலை, முட்டை, பால் யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று பெற்றோரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். சூடு பட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். பற்பசை, மை, மாவு எதுவும் தடவக் கூடாது, பெரிய காயமென்றால் ஆஸ்பத்திரி.

எங்கள் வரிசை இது: வெல்லமும் தேங்காயும் போட்ட ஊறவைத்த அவல், முளைப்பயறு சுண்டல், கேழ்வரகுக் கூழ், கீரை கடைசல், கடைசியில் முருங்கைக்கீரை அடை. இதில் சுண்டலை விவரமாகச் சொல்கிறேன், எந்தப் பள்ளியிலும் செய்யலாம்.

முப்பது பிள்ளைக்குப் பச்சைப்பயறு 1 கிலோ. வியாழக்கிழமை காலை ஊறப்போட்டு, மாலையில் வடித்து, ஈரப் பருத்தித் துணியில் கட்டித் தொங்க விடுங்கள். வெள்ளி மதியத்துக்குள் முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும். முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதுதான் சத்து என்று பலர் சொல்வார்கள். முளை வர வைக்கும் அதே ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடிக்கும் என்பதால் பள்ளியில் பச்சையாகக் கொடுக்காதீர்கள், இட்லிப் பாத்திரத்தில் 10 நிமிடம் ஆவியில் வைத்துவிடுங்கள். துருவிய கேரட் அரைக் கிலோ, தேங்காய் ஒரு மூடி, கொத்தமல்லி ஒரு கட்டு, எலுமிச்சை நாலு, உப்பு 3 டீஸ்பூன். தாளிப்பது ஆசிரியர் வேலை, கடுகு முகத்தில் தெறிக்கும். ருசி பார்க்கத் தனி ஸ்பூன், நக்கின ஸ்பூன் மறுபடி பாத்திரத்துக்குள் போகக் கூடாது.

முருங்கைக்கீரைக்கு ஒரு சூட்சுமம், எங்கள் சமையலர் அக்கா சொன்னது. கொத்துகளைத் துணியில் இறுக்கிச் சுற்றி இரவு முழுக்க வைத்தால் காலையில் உதறினாலே இலை உதிரும். அவர் வகுப்பறைக்குள் வந்து பாடம் எடுத்தது அன்றைக்குத்தான். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னதும் அவர் திரும்பிப் பார்த்தார், பின்னால் தலைமை ஆசிரியர் வந்துவிட்டாரோ என்று.

சமைத்ததைச் சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு வாய் ருசி பார், பிடிக்கவில்லையென்றால் ஏன் என்று ஒரு வார்த்தை சொல். அவ்வளவே விதி. ‘நல்லாயில்லை’ செல்லாது. கசக்குது, கொழகொழன்னு இருக்கு, மண் வாசனை அடிக்குது என்று சொல்ல வேண்டும். மூன்று நாலு முறை வெவ்வேறு வடிவில் வாய்க்கு வந்தால் பலருக்குப் பழகிவிடும்.

ஏழாம் படி: தோலும் கழுநீரும்

‘சுற்றுச்சூழல்’ என்று தலைப்புப் போட்டுத் தனிப் பாடம் வேண்டாம். சமையல் வகுப்பு முடிந்ததும் மேசையில் கிடக்கும் தோல், காம்பு, முட்டை ஓடு எங்கே போகும் என்று கேளுங்கள். பழைய டிரம்மில் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, ஒரு பங்கு காய்க்கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு, கொஞ்சம் சாணிக் கரைசல் அல்லது புளித்த மோர். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், சருகு சேர்க்க வேண்டும். ஒன்றுமே நடக்காமல் அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மாதத்தில் கருப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கிடைக்கும். சோற்று மிச்சத்தை இதில் கொட்டாதீர்கள், எலி வரும். அது மாட்டுக்கு. அரிசி கழுவிய தண்ணீர், காய் அலசிய தண்ணீர் பப்பாளிக்கும் முருங்கைக்கும்.

எட்டாம் வகுப்புக்கு எரிவாயுக் கணக்கு: ஒரே அளவு தண்ணீர், ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. ஒரு முறை மூடி போட்டு, ஒரு முறை போடாமல், கொதிக்க எத்தனை நிமிடம்? அடுத்து ஊறவைத்த கொண்டைக்கடலை, ஊறவைக்காதது. இந்த இரண்டு முடிவையும் வீட்டில் போய்ச் சொன்னால் அம்மாக்கள் சிரிப்பார்கள், “இதைக் கண்டுபிடிக்கத்தான் பள்ளிக்கூடம் போனியா?” என்று.

எங்கிருந்து வந்தது என்ற விளையாட்டும் நடத்தலாம். காஷ்மீரிலிருந்தோ இமாச்சலத்திலிருந்தோ லாரி ஏறி வந்த ஆப்பிள் ஒன்று, பழனி பக்கத்து ஆயக்குடிக் கொய்யா ஒன்று. இந்திய வரைபடத்தில் நூல் கட்டிப் பார்க்கட்டும். வைட்டமின் சி கொய்யாவில்தான் பல மடங்கு அதிகம், விலையும் குறைவு. ஆனால் காய்ச்சல் வந்தால் ஆப்பிள் வாங்கிப் போவதுதான் இன்னும் மரியாதை.

எட்டாம் படி: வீடு

இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும். “காலையில என்ன சாப்பிட்ட?” என்று வகுப்பின் நடுவே யாரையும் கேட்காதீர்கள். ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளை பொய் சொல்லும், அடுத்த முறை அதற்கு உங்களைப் பிடிக்காது. மாட்டுக்கறி, நத்தை, ஈசல், கருவாடு என்று ஒவ்வொரு வீட்டுத் தட்டும் வேறு. ஒன்றைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளித்தால், அதிலுள்ள புரதத்தைப் பற்றிப் பேசி அங்கேயே நிறுத்துங்கள். ‘நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு’ என்ற பேச்சை வீட்டுச் சாப்பாட்டின் மேல் எப்போதும் ஏவ வேண்டாம்.

நான் கொடுக்கும் ஒரே வீட்டுப்பாடம், தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு பதார்த்தம் எழுதி வருவது. பெயர், எந்த மாதத்தில் கிடைக்கும், எப்படிச் செய்வது. பண்ணைக்கீரை, தும்பை, பிரண்டைத் துவையல், சோளக்களி என்று நோட்டு நிறைந்தது. காட்டுக்கீரைகளை மட்டும் பெரியவர் யாராவது பார்த்து உறுதி செய்யாமல் பறிக்க விடாதீர்கள். ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும்.

கடைசியாக, பரீட்சையும் விடுமுறையும்

தேர்வு வைக்க வேண்டாம். நவம்பரிலும் பிப்ரவரியிலும் ஒவ்வொரு வாரம் மறுபடி வாளியை நிறுத்தி, ஜூன் வரைபடத்தின் மேலேயே வேறு நிறத்தில் கோடு போடுங்கள். எங்களுக்கு முட்டையும் கேரட்டும் நன்றாகக் குறைந்தன. கறிவேப்பிலை ஒரு இம்மிகூட அசையவில்லை. பொடியாக அரைத்துச் சாதத்தில் கலந்தால் சாப்பிடுகிறார்கள், முழு இலையாக வந்தால் குழாயடிதான். நானும் வீட்டில் ஒதுக்கித்தான் வைக்கிறேன் என்பதை ஒரு பிள்ளை என் டிபன் பாக்ஸைப் பார்த்துச் சொன்ன பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் வந்தால் கீரைப் பாத்தியை விதைக்கு விட்டுவிடுங்கள். விதையைக் காயவைத்துச் சாம்பல் கலந்து பாட்டிலில் அடையுங்கள். மரங்களுக்கு மட்டும் தண்ணீர் வேண்டும். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேருக்கு வாரம் இரண்டு முறை, இரண்டிரண்டு குடம் என்று முறை போடுங்கள். கூலி, அந்த இரண்டு மாதமும் காய்க்கும் முருங்கைக்காய் முழுவதும் அவர்கள் வீட்டுக்கு. இந்த ஏற்பாடு வந்த பிறகு ஒரு மரமும் காயவில்லை.